சுருதிப் பூட்டு

2022 மார்கழியில் ஒரு விடிகாலை, தெருக்கோடிக் கோயிலின் ஒலிபெருக்கியில் நாகஸ்வரம் கேட்டுக்கொண்டே விழித்தேன். இரண்டு நாகஸ்வரங்கள். ஒன்று சரியாகவும் மற்றது அதைவிட ஏறத்தாழ அரைச்சுரம் தூக்கலாகவும் ஒரே கீர்த்தனையை வாசித்துக்கொண்டிருந்தன. பதிவில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். மனைவியிடம் சொன்னபோது, "ஒழுங்காத்தானே கேக்குது" என்றாள். இடது காதை விரலால் அடைத்தேன். ஒரு நாகஸ்வரம் மறைந்தது. விரலை எடுத்தேன், திரும்பவும் வந்தது.

ஒரே சுரம் இரு காதுகளில் இரண்டு சுருதியாகக் கேட்கும் இந்த உபாதைக்கு டிப்ளாக்யூசிஸ் என்று பெயர். நரம்பு சம்பந்தப்பட்ட காதுக் குறைகளோடு சேர்ந்து வரக்கூடியது என்று டாக்டர் சொன்னார். மாத்திரைகள் சாப்பிட்டேன். வித்தியாசம் குறைந்தது, போகவில்லை. பேச்சுக் குரலில் அது பெரிதாகத் தெரிவதில்லை. சங்கீதத்தில் மட்டும்தான் உலகம் இரண்டாகப் பிளந்து நிற்கிறது. இடது காதில் பஞ்சு வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம். ஆனால் பஞ்சு வைத்துக்கொண்டு கேட்பவன், தான் கேட்பதை நம்புவதில்லை. ஒற்றைச் சாட்சியை வைத்துத் தீர்ப்பெழுதுகிற நிலைமை அது.

இதை எழுதக் காரணம், நான் கிட்டார் வாசிக்கிறவன். வாசித்தவன் என்று சொல்வது இன்னும் சரியாக இருக்கும். 1983 முதல் 1996 வரை தஞ்சாவூர்ப் பக்கத்து மெல்லிசைக் குழு ஒன்றில் மின்கிட்டார் வாசித்தேன். பகலில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு. இரவில் கல்யாண மேடை, திருவிழா மேடை. கையில் இருந்தது, ஸ்ட்ராட்டோகாஸ்டரின் வடிவத்தை அப்படியே நகலெடுத்துச் செய்த ஜப்பான் கிட்டார். சென்னையில் இரண்டாம் கையாக வாங்கியது. இன்றும் அதேதான் இருக்கிறது.

அந்த வாத்தியத்தில் வலது கைக்குப் பக்கமாக ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதை அழுத்தினால் குதிரை முன்பக்கம் சாயும், தந்திகள் தளரும், சுருதி இறங்கும். விட்டால் பின்னால் இருக்கிற ஸ்ப்ரிங்குகள் குதிரையைத் திரும்ப இழுத்து நிறுத்தும். 1954-ல் லியோ ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரோடு கொண்டுவந்த ஏற்பாடு இது. ட்ரெமொலோ என்று பெயர் வைத்துவிட்டார். ட்ரெமொலோ என்பது சப்தத்தின் பலம் ஏறி இறங்குவது. சுருதி ஏறி இறங்கினால் அது விப்ராட்டோ. இதற்கு ட்ரெமொலோ என்று பெயரிட்ட அதே கம்பெனி, ஒலிபெருக்கிப் பெட்டியில் பலம் ஏறி இறங்கும் வசதிக்கு விப்ராட்டோ என்று பெயர் கொடுத்தது. எழுபது வருஷமாக உலகம் இந்தத் தலைகீழ்ப் பெயர்களோடு சௌகரியமாக இருக்கிறது. படிமத்தைக் குறியீடு என்றும் குறியீட்டைப் படிமம் என்றும் எழுதிப் பழகிய நம் விமர்சகர்களைக் கோபித்துக்கொள்வதை நான் இதனால்தான் நிறுத்தினேன்.

எனக்கு இந்தக் கம்பி அலங்காரமல்ல. கிட்டாரில் இடது கை விரலால் தந்தியை ஒதுக்கிச் சுரத்தை ஏற்றலாம், மெட்டில் இருக்கும் சுரத்துக்குக் கீழே இறக்க முடியாது. நம் காது கேட்டுப் பழகிய அசைவு மேலேயும் போகும், கீழேயும் போகும். சினிமாப் பாட்டில் பாடகர் ஓரிடத்தில் இழைத்துவிட்டுப் போவதை, அடுத்து வரும் இடையிசையில் நான் அந்தக் கம்பியை வைத்துத்தான் ஒப்பேற்றுவேன். கர்நாடக சங்கீதத்தை முறையாகக் கற்றவனல்ல. கமகம் என்று அதைச் சொன்னால் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். என்னிடம் இருந்தது அதுதான்.

அதன் சாபம், திரும்பி வராது என்பது. தந்தி தளரும்போது, தலைப்பக்கம் அது தாண்டி வருகிற எலும்புப் பட்டையில் (நட் என்பார்கள்) சற்றே நழுவும். பிரடையில் சுற்றியிருக்கும் சுற்றுகளும் கொஞ்சம் நெகிழும். கம்பியை விட்டதும் உராய்வினால் நழுவிய தந்தி முழுக்கத் திரும்புவதில்லை. மயிரிழை வித்தியாசம் போதும், அடுத்த ஸ்வரம் கோணலாகிவிடும். 1969 ஆகஸ்ட் 18 காலையில், வுட்ஸ்டாக்கில் அமெரிக்க தேசிய கீதத்தைக் குண்டு வீச்சாகவும் அலறலாகவும் பிய்த்துப் போட்ட ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கையிலிருந்தது இதே ஏற்பாடுதான். வாசிக்கிற போக்கிலேயே பிரடைகளைத் திருகிச் சுருதி சேர்த்துக்கொள்வது அவருக்கு வழக்கம். அந்தச் சுதந்திரத்துக்குப் பின்னால் ஓயாமல் காவல் காக்கும் ஒரு காது இருந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. என்னளவில் சிறிய மேடைகளில் நானும் அதையே செய்துவந்தேன். பாட்டுக்கு நடுவே இரண்டு மாத்திரை ஓய்வு கிடைத்தால், கை தானாகப் பிரடைக்குப் போகும். அதை நான் ஒரு வேலையாகவே நினைத்ததில்லை.

காது போனபின்தான் அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தது. வீட்டில் தனியாக வாசிக்கும்போதும் கம்பியைத் தொடப் பயம் வந்துவிட்டது. தொட்டால் சுருதி விலகும். விலகியதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பது மட்டும் நிச்சயமாகத் தெரியும். நண்பர் ஒருவர், "கம்பியைக் கழற்றி எறிந்துவிட்டு நிலையான குதிரையாக மாற்றிக்கொள்ளேன்" என்றார். நியாயமான யோசனை. வயதானவனை மாடிப்படி ஏறாதே என்று சொல்கிற மாதிரி.

நான் எதிர்த் திசையில் யோசித்தேன். 1970-களின் பிற்பாதியில் ஃப்ளாய்ட் ரோஸ் என்கிற அமெரிக்க கிட்டார்க்காரருக்கும் இதே பிரச்னை இருந்தது. அவருக்கு ஹெண்ட்ரிக்ஸ் பைத்தியம். எண்ணெய் போட்டும் தேய்த்தும் பார்த்தார், தந்தி திரும்பி வரவில்லை. நகை செய்கிற கருவிகள் அவர் கைவசம் இருந்தன. அவற்றை வைத்துப் பித்தளையில் ஒரு நட் செய்து, தந்திகளை அதிலேயே இறுக்கிப் பிடித்துவிட்டார். தட்டார் வேலை. குதிரைப் பக்கமும் அதேபோல ஒரு பிடி. தந்தி இரண்டு முனையிலும் பூட்டப்பட்டுவிட்டால் நழுவ இடமேயில்லை. இரண்டு பூட்டுகளுக்கும் நடுவில் உள்ளது மட்டும் நீளும், சுருங்கும். 1977-ல் விண்ணப்பித்த காப்புரிமை 1979-ல் கிடைத்தது. எட்டி வான் ஹேலன் போன்றவர்கள் ஆரம்பத்திலேயே எடுத்துக்கொண்டார்கள். தலைப்பக்கம் பூட்டிவிட்டால் பிரடைகளால் பிரயோஜனம் கிடையாது. அதனால் 1980-களின் தொடக்கத்தில் குதிரையின் பின்பக்கமே ஆறு சிறு திருகுகள் சேர்ந்தன, நுண்ணிய சுருதிக்காக.

தந்திகள் பிக்கப்பின் மேல் துவண்டு விழும்வரை அழுத்தலாம். விட்டால் புறப்பட்ட இடத்துக்கே வரும். யார் காதும் தேவையில்லை. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

சாமான் அஞ்சலில் வந்துசேர்ந்தது. கையில் எடுத்தபோது கனம் ஆச்சரியப்படுத்தியது. சிக்கல் எங்கே என்றால், இதைப் பொருத்த மரத்தை வெட்டவேண்டும். பழைய குதிரை ஆறு திருகாணிகளில் நின்றது. புதியது இரண்டே முளைகளில், கத்தி முனை போன்ற இரு விளிம்புகளால் சாய்ந்து நிற்கும். அந்த இரு முளைகளுக்கும் இடைவெளி 74 மில்லிமீட்டர். அது மாறினால் உட்காராது. அடியில் உள்ள பள்ளத்தை அகலப்படுத்தவேண்டும். கீழே அழுத்துவது மட்டும் போதுமென்றால் அவ்வளவோடு நிறுத்தலாம். மேலேயும் இழுக்கவேண்டுமென்றால், குதிரையின் பின்பகுதி இறங்குவதற்கு உடம்பின் மேற்பரப்பிலேயே இன்னொரு குழி. எனக்கு மேலேயும் வேண்டும். வெட்டியபின் பழைய குதிரையை ஒருபோதும் திரும்ப வைக்கமுடியாது.

சென்னைக்கு எடுத்துப் போனால் இயந்திரத்தில் அரை மணி நேரத்தில் குடைந்து தருகிறவர்கள் இருக்கிறார்கள். நான் வீணை செய்கிற ஆசாரி ஒருவரிடம் போனேன். தஞ்சாவூர்க்காரனின் புத்தி. எழுபதைத் தாண்டியவர், பலா மரத்தில் குடம் குடைந்தே கை காய்த்தவர். மெல்லிசைக் காலத்திலிருந்து பழக்கம்.

கிட்டாரை மடியில் போட்டுப் புரட்டிப் பார்த்தார். நான் கொடுத்த அளவுத் தாளையும் பார்த்தார்.

"இதுல ரொம்ப நாளா வாசிக்கிறியே தம்பி. நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வெட்டணும்?"

காதைப் பற்றிச் சொன்னேன். அவர் எதுவும் சொல்லவில்லை. நுண்சுருதித் திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

"இது லங்கர்தானே?"

எனக்குச் சட்டென்று உறைத்தது. வீணையில் பெரிய சுருதியைப் பிரடையில் வைப்பார்கள். மிச்சமிருக்கும் நுணுக்கத்துக்கு, குதிரைக்குப் பின்னால் நாகபாசத்தில் தந்திகள் முடிகிற இடத்தில் லங்கர் என்கிற வளையங்கள் உண்டு. அவற்றை நகர்த்தி இழைத்துக்கொள்வார்கள். தம்புராவில் அதே காரியத்துக்கு மணிகள். தலைப்பக்கம் முரட்டு வேலை, வால்பக்கம் நுண்வேலை என்கிற பிரிவினை ஃப்ளாய்ட் ரோஸுக்கு வெகுகாலம் முந்தியது. அவர் இதைப் பார்த்துச் செய்தார் என்று கிளம்பவேண்டாம். தந்தியை வைத்துக்கொண்டு கஷ்டப்படுகிறவர்கள் எங்கிருந்தாலும் அதே இடத்துக்குத்தான் வந்து சேருகிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் பழைய திருகாணித் துளைகள் ஆறையும் மரக்குச்சி செதுக்கி, பசை வைத்து அடைத்தார். ஒரு நாள் காயவிட்டார். மறுநாள் தாளை ஒட்டி, கோடு போட்டார். கிட்டாரின் பெயிண்ட் கண்ணாடி மாதிரி கெட்டியானது. அப்படியே உளியை வைத்தால் சில்லுச் சில்லாகப் பெயரும். அதனால் கோட்டின் மேல் கூரான கத்தியால் பலமுறை கீறி, பெயிண்டை மட்டும் முதலில் அறுத்தார். கால் மணி நேரம் அந்தக் கீறல் சப்தம் மட்டுமே. உள்ளே வெளிர் நிற மரம் தெரிந்தது. நாற்பது வருஷமாக என் வயிற்றில் சாய்ந்திருந்த பொருளின் உட்புறத்தை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். ஆசாரி தூளை விரலில் எடுத்து மோந்து பார்த்து, "நம்மூர் மரம் இல்லை" என்றார்.

பிறகு வரிசையாகத் துளை போட்டு, துளைகளுக்கு நடுவில் மிஞ்சியதை உளியால் எடுத்தார். நான் வெளியே போய் நின்றுகொண்டேன். ஒவ்வொரு கொட்டாப்புளி அடிக்கும் உள்ளேயிருந்து கிட்டாரின் தந்தியில்லாத உடம்பு பதில் சொல்லியது. அதன் சுருதி என்ன என்று கவனித்துக்கொண்டிருந்தேன் என்பதை, இடது காதை அடைத்திருந்த என் கை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

முளைத் துளைகளில் அவர் எடுத்துக்கொண்ட சிரத்தையை இங்கே சொல்லவேண்டும். நான் உள்பட எல்லோரும், தந்திகள் ஒரு பக்கம் இழுக்க ஸ்ப்ரிங்குகள் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன என்று கயிறிழுப்புப் போட்டியாகவே கற்பனை செய்கிறோம். வாஸ்தவம் அதுவல்ல. இரண்டுமே தலைப்பக்கம்தான் இழுக்கின்றன. தந்திகள் கத்தி முனைக்கு மேலே பிடித்து இழுக்கின்றன. ஸ்ப்ரிங்குகள் உடம்பின் முதுகுப் பக்கத்துக் குழியில் கத்தி முனைக்குக் கீழே பிடித்து இழுக்கின்றன. ஒன்று குதிரையை முன்னே கவிழ்க்கப் பார்க்கிறது, மற்றது பின்னே சாய்க்கப் பார்க்கிறது. நடுவில் அது நிற்கிறது. ஆனால் முளைகளுக்கு இரண்டு பாரமும் ஒரே திசையில். நான் போடுகிற மெல்லிய ரகத் தந்திகள் ஆறும் சேர்ந்தே ஏறத்தாழ 38 கிலோ இழுக்கும். அதற்கு மேல் ஸ்ப்ரிங்குகள். ஆசாரிக்கு எந்தக் கணக்கும் சொல்லவில்லை. முளை எந்தப் பக்கம் சாயப் பார்க்கும் என்று மட்டும் கேட்டார். அந்தப் பக்கத்து மரத்தைத் தொடவேயில்லை.

நட் விஷயத்தில் பிழை நடந்தது. பிழை என்னுடையது. பூட்டு நட், பழைய எலும்பு நட்டைவிட உயரம். அதனால் கழுத்தின் முடிவில் மரத்தைத் தட்டையாக இறக்கி, ஒரு படி மாதிரி செய்து அதில் உட்காரவைக்க வேண்டும். முன் விளிம்பு பழைய நட்டின் முன் விளிம்பு இருந்த அதே கோட்டில் வரவேண்டும். நட்டிலிருந்து குதிரை வரை 648 மில்லிமீட்டர், பாதியில் பன்னிரண்டாம் மெட்டு. முன் விளிம்பு நகர்ந்தால் எல்லா மெட்டுகளும் பொய் சொல்லும். அந்தக் கோட்டை ஆசாரி காப்பாற்றினார். ஆழத்தை நான் அளந்து சொன்னேன். அதிகமாகச் சொல்லிவிட்டேன். தந்தி போட்டுப் பார்த்தபோது முதல் மெட்டிலேயே உரசி, ஈ மாதிரி இரைந்தது. வீணையாக இருந்தால் மேளத்து மெழுகை இளக்கி மெட்டைச் சரிசெய்துகொள்ளலாம். தப்பாக வைத்ததை எடுத்துத் திரும்ப வைக்கும் வசதி அதில் உண்டு. கிட்டார்க் கழுத்தில் கிடையாது. எடுத்த மரம் எடுத்ததுதான். ஆசாரி திட்டவில்லை. பித்தளைத் தகட்டை நட்டின் அளவுக்கு வெட்டி அடியில் கொடுத்தார். போதவில்லை. இன்னொன்று. அந்த இரண்டு தகடுகளும் இன்றும் பக்கவாட்டில் தங்கக் கோடாகத் தெரிகின்றன. பார்க்கிறவர்கள் அலங்காரம் என்று நினைக்கிறார்கள்.

தந்தி கட்டியதைப் பற்றித் தனியாகவே எழுதலாம். தந்தியின் முனையில் இருக்கும் குட்டிப் பித்தளை உருளையை வெட்டி எறிந்துவிட்டு, மொட்டை முனையைக் குதிரையின் வாயில் கொடுத்து, ஆலன் கீயால் இறுக்கவேண்டும். (அந்த ஆறு பித்தளை உருளைகளையும் ஆசாரி பொறுக்கி வைத்துக்கொண்டார். எதற்கென்று கேட்கவில்லை.) ஆறாம் தந்தியை ஏற்றிச் சுருதிக்குக் கொண்டுவந்தேன். ஐந்தாவதைக் கொண்டுவந்தேன். அதற்குள் ஆறாவது இறங்கியிருந்தது. நான்காவதை ஏற்றினால் ஐந்தும் ஆறும் இறங்கின. முதல் தந்திக்கு வந்தபோது குதிரை முன்பக்கம் கவிழ்ந்து, மற்ற ஐந்தும் எந்த ராகத்திலும் இல்லாத சுரங்களில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரு தந்தியைத் தொட்டால் மற்ற ஐந்தும் அதற்குக் கப்பம் கட்டவேண்டும். ஒன்று அறுந்தால் மிச்சமுள்ளவை எல்லாம் மேலே எகிறும். நிலையான குதிரையில் ஒவ்வொரு தந்தியும் தன் பாட்டுக்குத் தனிக்குடித்தனம். இங்கே கூட்டுக்குடும்பம், அதுவும் ஊசி முனையில்.

ஒரு முழு மாலை சுற்றிச் சுற்றி வந்தேன். கருவியின் ஊசியைப் பார்த்து, திருகி, பார்த்து. கடைசியில் ஆசாரி ஒரு பலாத் துண்டை ஆப்பாகச் சீவிக் கொடுத்தார். அதைக் குதிரையின் அடியில் செருகி, உடம்புக்கு இணையாக அசையாமல் நிறுத்திவிட்டு, ஆறு தந்தியையும் சேர்த்தேன். பிறகு முதுகுப்பக்கம் ஸ்ப்ரிங்குகளைப் பிடித்திருக்கும் கொக்கியின் இரண்டு திருகாணிகளை, ஆப்பு தானாகத் தளர்ந்து விழும்வரை இறுக்கினேன். விழுந்தது. குதிரை அந்தரத்தில் நின்றது. தந்திகளை விரலால் இழுத்து இழுத்துச் சோம்பல் முறித்து, திரும்பச் சேர்த்து, திரும்ப இழுத்து, நான்காவது முறைதான் அடங்கின. நட்டின் மூன்று பூட்டுகளையும் முடுக்கினேன். முடுக்கும்போது தந்தி நசுங்கிச் சற்றே ஏறுகிறது. அதற்காகத்தான் நுண்திருகுகளை முன்னதாகவே நடுவாகத்தில் வைத்திருக்கவேண்டும்.

இரண்டு பக்கமும் பூட்டினால்தான் நடுவில் அசைய முடிகிறது என்ற இதை யாப்புக்கும் புதுக்கவிதைக்கும் உவமையாக்கிவிட நம்மில் சிலருக்குக் கை துடிக்கும் என்று தெரியும். நானும் ஒரு வாரம் ஒட்டவைத்துப் பார்த்தேன். ஒட்டவில்லை. இந்த இயந்திரத்தின் மொத்தப் பெருமையும் புறப்பட்ட இடத்துக்கே பிசகாமல் திரும்புவதில் இருக்கிறது. அப்படித் திரும்பி வந்துவிட்ட கவிதையை நாம் யாரும் பத்திரிகையில் போடமாட்டோம்.

ஆசாரியைக் கேட்க வைக்கவேண்டும் என்று மறுநாள் எடுத்துப் போனேன். சின்னப் பெட்டியில் இணைத்து, கம்பியை அடிவரை அழுத்தினேன். தந்திகள் துவண்டு விழுந்தன. விட்டேன். ஊசியைப் பார்த்தேன். ஆறு தந்திகளிலும் நடுக்கோட்டில் நின்றது. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். மூன்று வருஷமாகத் தொடாத கம்பியை மெல்லப் பிடித்து, மூன்றாம் தந்தியில் ஒரு சுரத்தை மேலும் கீழுமாக இழைத்தேன். அது எங்கே திரும்பி நிற்கும் என்ற கவலையில்லாமல் கை போனது.

ஆசாரி கண்ணை மூடியிருந்தார். "மூணாம் தந்தியும் ரெண்டாம் தந்தியும் சேத்து மீட்டு" என்றார்.

மீட்டினேன்.

"காந்தாரம் தூக்கல்."

"இல்லண்ணே, ஊசி சரியாக் காட்டுது."

"ஊசி காட்டும். காந்தாரம் தூக்கலா இருக்கு."

அவர் சொன்னது உண்மை. ஊசி சொன்னதும் உண்மை. மூன்றாம் தந்தியைச் சட்ஜமம் என்று கொண்டால் இரண்டாம் தந்தி அந்தர காந்தாரம். ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபாகமாக வெட்டிய மேற்கத்திய முறையில், அந்தக் காந்தாரம் இயற்கையாக விழும் இடத்துக்கு ஏறத்தாழ 14 சென்ட் மேலே நிற்கிறது; நூறு சென்ட் ஓர் அரைச்சுரம். எந்தச் சுரத்தையும் சட்ஜமமாக வைத்து வாசிக்க வசதியாக எல்லாச் சுரங்களையும் கொஞ்சம் கொஞ்சம் கோணலாக்கி வைத்த ஏற்பாடு அது. மெட்டு வைத்த கிட்டாருக்கு வேறு வழியில்லை. 1940-ல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தை விலக்கி, 1971 வரை உள்ளே விடாமல் வைத்திருந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் இதுவும் ஒன்று. மேடைக் காலத்தில் கீபோர்டோடு சேர்த்துச் சேர்த்து, கோணலே நேர் என்று என் காதுக்குப் பழகிவிட்டது.

ஆசாரி கையை நீட்டி, இரண்டாம் தந்தியின் நுண்திருகைக் கண்டுபிடித்தார். "மீட்டிக்கிட்டே இரு" என்றார். மீட்டினேன். இரண்டு தந்திகளும் சேர்ந்து ஒலிக்கும்போது மேலே, அவற்றின் கிளைச் சுரங்கள் ஒன்றோடொன்று இடித்து, விநாடிக்கு ஏழெட்டு முறை அதிர்ந்துகொண்டிருந்தன. இதற்குப் பள்ளிக்கூட இயற்பியல் புத்தகத்தில் விம்மல் என்று பெயர். யார் வைத்தார்களோ, நம் தலைமுறைக் கவிஞர்களில் பாதிப் பேருக்கு வாய்க்காத சொல். அவர் திருகைத் தளர்த்தத் தளர்த்த விம்மல் மெதுவாகியது. ஐந்து, மூன்று, ஒன்று. பிறகு நின்றுவிட்டது.

அது நின்றதை நான் கேட்டேன். யாரும் சொல்லவில்லை, ஊசியையும் பார்க்கவில்லை. பஞ்சு வைக்காமலே இருந்தேன் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. இடது காது அப்போதும் தன் பொய்யைத்தான் சொல்லியிருக்கும். ஆனால் விம்மல் என்பது சுருதி அல்ல. அது இருக்கிறதா, இல்லையா என்பதை எந்தக் காதாலும் கேட்கமுடியும். இரண்டு காதும் அதில் ஒத்துப்போயின.

ஊசி கோட்டுக்கு இடதுபுறம் தள்ளி நின்றது. இரண்டாம் தந்தி தளர்ந்ததால் மற்ற ஐந்தும் கண்ணுக்குத் தெரியாத அளவு ஏறியிருக்கும். அதையும் அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சரிசெய்தார். முதல் தந்தியை இரண்டாவதோடு சேர்த்து மீட்டிக் காட்டினேன். சகிக்கவில்லை.

"இப்படி வச்சா மத்தது சேராதுண்ணே."

"அப்ப மத்தத வாசிக்காத."

ஆலன் கீயை என்னிடமிருந்து வாங்கி, நட்டின் பூட்டுகள் மூன்றையும் ஒருமுறை இறுக்கிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தன. பலா ஆப்பை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுவிட்டு, உள்ளே பார்த்து இரண்டு காப்பி என்றார்.